யாரும் அழிக்காத ஆர்டர்

அத்தியாயம் 6

"திருடன்தான் மேடம். யாரோ திருடியிருக்காங்க" என்றாள் அக்காக்காரி. காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

திருட்டு நடந்திருக்க வேண்டும் என்று இப்படி வேண்டிக்கொள்ளும் கட்சிக்காரரை என் பிழைப்பில் நான் பார்த்ததில்லை. எங்களிடம் வருகிறவர்கள் வழக்கமாக, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட மாட்டோமா என்று ஏங்குவார்கள். ஆனால் இவள் யோசனையில் தப்பே இல்லை. திருடன் என்று ஒருவன் இருந்தால், அவன் திருடிய டப்பாக்கள் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். போய்ப் பிடுங்கி வந்துவிடலாம்.

டப்பா என்றால் பவுடர் டப்பா. அவளுடைய தங்கைக்குப் பத்தொன்பது வயது. பிறவியிலேயே ஒரு கோளாறு. சாப்பாட்டில் இருக்கும் புரதம் அந்தப் பெண்ணின் உடம்புக்குள் போனால் விஷமாகிவிடும். இந்தப் பவுடரைக் கரைத்துக் குடித்தால்தான் ஆள் நடமாட முடியும். நிறுத்தினால் முதலில் பேச்சு குழறும், அப்புறம் நினைவு தப்பும், அதற்கப்புறம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஊர் மொத்தத்துக்கும் இதைக் குடிப்பவர்கள் ஒன்பது பேர். வீட்டில் மிச்சம் இருப்பது ஐந்து டப்பா, டப்பாவுக்கு நாலு நாள், ஆக இருபது நாள்.

அக்காக்காரி வேலை பார்ப்பதே அந்தப் பவுடரை வரவழைக்கிற மருந்துக் கம்பெனியில்தான். எந்த மருந்து எப்போது எத்தனை வேண்டும் என்று திட்டம் போடும் பிரிவு. தங்கைக்கு டப்பா தவறக்கூடாது என்பதற்காகவே இரண்டு வருஷத்துக்கு முன் தேடிப்பிடித்துச் சேர்ந்த வேலை. அப்படி இருந்தும், ஆறு வாரத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய சரக்கு வரவில்லை என்பது போன வாரம் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கையை விரித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"வந்திருக்கு மேடம். கண்டிப்பா வந்திருக்கு. இங்க யாரோ அமுக்கிட்டாங்க" என்றாள். எட்டாவது தடவை.

மேடம் தனியார் துப்பறிவாளர். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் நஷ்டஈடு கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். இருபது வருஷம் யாரையும் நம்பாததற்குச் சம்பளம் வாங்கியவர், இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். நான் அவருக்கு உதவியாள். வாய் ஓயாது என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ.

கம்பெனிக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தோம். கிடங்குக்காரர் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டியபடி, எந்த நேரமும் சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"என் சம்சாரத்தை விட இந்தச் சாவியோடதான் நான் அதிக வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். என்மேல சந்தேகமா?"

"உங்க மேல இல்லைங்க. சாவி மேல" என்றேன் நான்.

"ரேடியோ, வாயை மூடு" என்றார் மேடம். பவுடருக்கென்று ஒதுக்கியிருந்த தட்டின் முன்னால் குனிந்தார். காலித் தட்டு. விரலை அதில் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் தூசி. பக்கத்துத் தட்டைக் காட்டி, "இது எப்ப காலியாச்சு?" என்று கேட்டார்.

"அது போன மாசம். இருமல் மருந்து."

பக்கத்துத் தட்டில் தூசி மெல்லியதாக இருந்தது. பாட்டில்கள் நின்ற இடங்களில் வட்டம் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. பவுடர் தட்டில் வட்டமே இல்லை. ஒரே சீராக, போர்வை போர்த்தின மாதிரி தூசி.

"டப்பா வெச்சு எடுத்திருந்தா தடம் இருக்கணும்" என்றார் மேடம். "இந்தத் தட்டுல நாலு மாசமா எதுவுமே உட்காரலை. திருடறதுக்கு இங்க ஒண்ணும் இல்லம்மா. சரக்கு வரவே இல்லை."

கிடங்குக்காரர் முகம் மலர்ந்தது. அக்காக்காரி முகம் செத்தது. அந்த நிமிஷத்திலிருந்தே எனக்கு இந்தக் கேஸ் பிடிக்கவில்லை.

"அப்ப ஆர்டரையே யாரோ அழிச்சிருக்காங்க" என்றாள் அவள், பிடியை விடாமல். "எனக்கு முன்னாடி இந்த வேலையைப் பாத்த சீனியர் ஒருத்தர் இருந்தார். புது சிஸ்டம் வருதுன்னு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போகும்போது கோபமாத்தான் போனார். அவர் வேலையா இருக்கும்."

"ஆர்டரைக் காட்டு" என்றார் மேடம்.

மாடியில் அவள் மேஜைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலைத் திறந்தாள். எட்டாயிரம் மருந்துகள். தேடிப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கே ஆச்சரியம்.

"இருக்கு மேடம். ஆர்டர் இருக்கு. முப்பது பெட்டி. அழிக்கலை."

"இதை நீ இதுக்கு முன்னாடி பாக்கலையா?"

"திட்டத்துல வரலைன்னதும் அழிச்சுட்டாங்கன்னே நினைச்சுட்டேன். ஏதாவது குறைஞ்சா புது சிஸ்டம் சிவப்புல காட்டும். இது சிவப்பே காட்டலை. அதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "என்னைக்குள்ள வேணும்னு ஒரு தேதி போட்டிருக்கே. படி."

படித்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி.

"உன் தங்கச்சிக்கு என்ன வயசுன்னு சொன்ன?"

"பத்தொன்பது."

"பொறக்கிறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே மருந்து கேட்டிருக்காங்க" என்றேன் நான். "நல்ல முன்யோசனை."

அக்காக்காரி சிரிக்கவில்லை. "அது எப்பவும் அப்படித்தான் இருக்கும். சீனியர் போட்டது. 'இந்தத் தேதியை மட்டும் தொடாதே'ன்னு சொல்லிட்டுப் போனார். ஏன்னு நான் கேக்கலை."

ஏன் என்று கேட்பதற்கு நாங்கள் கிளம்பினோம். அவளை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம். சாயங்காலம் அவள் வீட்டில் சந்திப்பதாக ஏற்பாடு.

சீனியரின் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. படியேறி முடிக்கும்போது எனக்கே பேச்சு நின்றுவிட்டது, மேடம் அதைக் குறித்துக்கொண்டார். கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மனிதர். கையில் ஸ்க்ரூ டிரைவர். கூடத்தில் ஒரு ஃபேன் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. வேலை போன மனிதர்கள் முதலில் வீட்டில் நன்றாக ஓடுகிற சாமானைப் பிரிப்பார்கள், கவனித்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. தேதியைச் சொன்னதும் அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது எங்க கல்யாணத் தேதியாச்சே. வருஷா வருஷம் மறந்து தொலைக்கிற மனுஷன், ஆபீஸ்ல மட்டும் எழுதி வெச்சிருக்காரா?"

சீனியர் நெளிந்தார். "மேடம், பழைய சிஸ்டத்துக்கு ஒரு குணம் உண்டு. தேதி தாண்டிப்போன ஆர்டரைப் பாத்தா அது பதறும். ஐயோ லேட்டாயிருச்சேன்னு, அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கும். அதனால, எது தவறவே கூடாதோ, அந்த மருந்துக்கெல்லாம் நாங்க வேணும்னே பழைய தேதி போட்டுருவோம். எவ்வளவு பழசோ அவ்வளவு அவசரம். திட்டப் பிரிவுல எல்லாரும் பண்றதுதான். நான் என் கல்யாணத் தேதியைப் போட்டேன். ஞாபகம் இருக்கிற பழைய தேதி அது ஒண்ணுதான்."

"இப்பவாவது ஞாபகம் இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்களே" என்றது சமையலறை.

"எத்தனை மருந்துக்கு இப்படி?"

"நாப்பத்தொண்ணு. மத்த நாப்பதும் ஆயிரக்கணக்குல விக்கிற சாமான். ஆர்டர் இல்லைன்னாக்கூட, போன வருஷம் எவ்வளவு போச்சுன்னு பாத்து சிஸ்டமே வரவழைச்சிடும். இந்தப் பவுடர் மட்டும்தான் அந்த ஒரு வரியை நம்பி இருந்தது. ஒன்பது பேர் குடிக்கிறதையெல்லாம் எந்த சிஸ்டமும் விற்பனைன்னு எடுத்துக்காது. அந்த ஒன்பது பேருக்காகத்தான் நான் அந்தத் தேதியையே போட்டேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"புதுசு என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. என்னை யாரும் கூப்பிட்டுக் கேக்கலை. ஆனா ஒண்ணு, மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுப் பாத்திருப்பாங்க. வித்தியாசம் எல்லாம் பேப்பர்ல வந்திருக்கும். திட்டப் பிரிவுல ஒருத்தர் பாத்து, சரின்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

"அது நீங்களா?"

"நான் அதுக்கு முந்தின வாரமே வீட்டுல ஃபேன் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

படியிறங்கும்போது நான் மேடத்திடம் பந்தயம் கட்டினேன். "மேனேஜர்தான் மேடம். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்து போடறதுக்குன்னே சம்பளம் வாங்கறவங்க அவங்கதான்."

மேடம் பந்தயத்துக்கு வரவில்லை.

மறுபடியும் கம்பெனிக்குப் போனோம். தரைத்தளத்துக்கும் கீழே, குளிரூட்டி இரைகிற ஒரு அறையில் சிஸ்டம்காரர் இருந்தார். பழசிலிருந்து புதுசுக்கு மாற்றிய ஆள். கண்ணுக்குக் கீழே கறுப்பாக, தூங்கி நாலு மாசம் ஆன மாதிரி முகம். மேடம் தேதியைச் சொன்னார். அவர் ஒரு கையேட்டைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார்.

"பழசு தேதி தாண்டினதை அவசரம்னு எடுத்துக்கும். புதுசு, ஒரு வருஷத்துக்கு மேல தேதி தாண்டியிருந்தா செத்த ஆர்டர்னு ஒதுக்கிடும். அழிக்காது. தப்புன்னும் சொல்லாது. பட்டியல்ல அப்படியே இருக்கும், ஆனா திட்டத்துல சேக்காது."

"செத்ததுன்னு யார் முடிவு பண்ணினது?"

"யாரும் பண்ணலை. அது அப்படித்தான் வந்தது. வேண்டாம்னா மாத்திக்கலாம். இதோ, ஒரு டிக்தான்."

"எங்க, பண்ணிக் காட்டுங்க."

அவர் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்து, அந்த ஒரு மருந்துக்கு மட்டும் திட்டத்தை ஓட விட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு புது வரி வந்து உட்கார்ந்தது. முப்பது பெட்டி. அடுத்த கட்டத்தில், சரக்கு கைக்கு வரும் தேதி.

நான் விரல் விட்டு எண்ணினேன். பத்து வாரம்.

"சீக்கிரம் பண்ண முடியாதா?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"தொழிற்சாலையில இதை நாலு மாசத்துக்கு ஒரு தடவைதான் தயாரிப்பாங்க. இந்தத் தடவை நம்ம ஆர்டர் இல்லாம ஓட்டி முடிச்சுட்டாங்க. அடுத்த முறைதான். அந்த அக்கா இதுக்குள்ள எல்லாக் கம்பெனிக்கும் போன் போட்டிருப்பாங்க. எங்கயும் இல்லைங்க."

போட்டிருந்தாள். அதையும் காலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தாள். மற்ற எட்டு வீட்டிலும் இதே நிலைமை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி நாலைந்து நாள் தள்ளலாம் என்றார்களாம், ஐம்பது நாள் தள்ள முடியாது.

"வித்தியாசம் பாத்த கோப்பு எங்க?" என்றார் மேடம்.

சிஸ்டம்காரர் அலமாரியிலிருந்து இறக்கி வைத்தார். தலையணை கனம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இருபது வரி. மருந்தின் பெயர், பழசு சொன்ன எண்ணிக்கை, புதுசு சொன்ன எண்ணிக்கை, ஏன், ஏற்கலாமா. கீழே கையெழுத்து, நேரம்.

நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் பவுடர் இருந்தது. பழசு முப்பது. புதுசு பூஜ்யம். ஏன் என்ற கட்டம் காலி. ஏற்கலாமா என்ற கட்டத்தில், 'சிறு அளவு, ஏற்கலாம்.' அந்தப் பக்கத்தில் பாதி வரிகளுக்கு மேல் அதே வாசகம். கீழே கையெழுத்து என்று பேருக்கு ஒரு சாய்ந்த கோடு. நேரம் மூன்று நாற்பத்தொன்று.

"இது யாரு?" என்றேன்.

சிஸ்டம்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அன்னிக்கு நான் லீவு. மேல மூணு பேர் இருக்காங்க. ஒரு கோட்டை வெச்சு எப்படிங்க சொல்றது? அன்னிக்கு நாலு மணிக்குள்ள கோப்பு மேல போகணும்னு மேனேஜர் தலைமேல நின்னார்னு மட்டும் கேள்விப்பட்டேன்."

மேடம் ஒரு நிமிஷம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு கோப்பைப் பின்னாலிருந்து முன்னால் புரட்ட ஆரம்பித்தார்.

"ரேடியோ, இங்க பார். காலையில பத்து மணிக்கு உட்கார்ந்த ஆளு, முதல் பக்கத்துலயே கோடு போட மாட்டாங்க. கை போகப் போகத்தான் தேயும்."

நூற்று ஐம்பதில் கோட்டின் தலையில் ஒரு கொக்கி வந்தது. நூற்று இருபதில் கொக்கி ஒரு எழுத்தானது. தொண்ணூறில் இரண்டு எழுத்தும் ஒரு இழுப்பும். அறுபதில் பெயரின் பாதி. மேடம் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே போனார். நேரமும் கூடவே பின்னால் போனது. கடைசியில் ஒரு நிமிஷத்துக்கு நாலைந்து பக்கம் ஓடியது, முன்னால் வர வர ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் பிடித்திருந்தது. முதல் பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் பொடிப்பொடியாகக் குறிப்பு. கேட்டு எழுதியது, போன் பண்ணி விசாரித்தது, எல்லாம். நல்ல வேலைக்காரக் கை. இருபதாம் பக்கத்தில் இனிஷியல் சேர்ந்தது.

அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மேடத்தின் கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றுகூடத் தோன்றியது.

முதல் பக்கத்தில் முழுப் பெயர், அழகாக, புள்ளி வைத்து, அடியில் கோடு போட்டு. காலையில் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து, திருடனைப் பிடித்துக் கொடுங்கள் என்று அழுத பெண்ணின் பெயர்.

மேடம் கோப்பை மூடினார். சிஸ்டம்காரரிடம், "இதை ஒருத்தரும் கேக்கலைன்னே வெச்சுக்கோங்க" என்றார்.

பஸ்ஸில் நான் வாயே திறக்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு மேடமே பேசினார்.

"என்ன, பேட்டரி தீர்ந்துருச்சா?"

"சொல்லணுமா மேடம்? மெஷின் பண்ணின தப்புன்னு சொல்லிட்டு வந்துருவோமே. அதுவும் உண்மைதானே. டப்பா எப்படியும் வரப் போறதில்லை. இதை வேற தெரிஞ்சு அவ என்ன பண்ணப் போறா?"

"அதைத்தான் சொல்லப் போறேன்" என்றார் மேடம். இன்சூரன்ஸ்காரர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது.

வீடு ஒரு கூடம், ஒரு அறை. நாங்கள் போகும்போது மணி ஐந்து. அறையில் தங்கைக்காரி யாருடனோ போனில் பேசிச் சிரிப்பது கேட்டது. அக்காக்காரி ஆபீஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"சீனியரா மேடம்?"

"இல்லம்மா. யாரும் அழிக்கலை. அந்தப் பழைய தேதியைப் புது மெஷின் செத்த கணக்குல சேத்துருச்சு. மெஷின் பண்ணின வேலை. இப்ப சரி பண்ணியாச்சு. சரக்கு வர பத்து வாரம் ஆகும்."

பத்து வாரம் என்றதும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். அது அவளுக்குப் புதிதில்லை. தொழிற்சாலைக் கணக்கை எங்களை விட அவள் நன்றாக அறிவாள். நான் மெதுவாக மூச்சு விட்டேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் திட்டப் பிரிவுக்காரி. இரண்டு வருஷமாக அவள் செய்வதெல்லாம் இருக்க வேண்டியது ஏன் இல்லை என்று கேட்பதுதான்.

"பழசுல இருந்து புதுசுல இல்லைன்னா, அது வித்தியாசம்" என்றாள். "வித்தியாசம்னா அந்தக் கோப்புல வந்திருக்கணுமே."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தப் பக்கம் மேடம்?"

"விடும்மா."

"பக்கத்தை மட்டும் சொல்லுங்க."

"நூத்தி அறுபத்தி மூணு" என்றார் மேடம்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கையைப் பிரித்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியம் வரைக்கும் ஒவ்வொண்ணா பாத்தேன் மேடம். சாப்பிடக்கூட போகலை. அம்பதுக்குக் கீழ இருக்கிறதையெல்லாம் சின்னதுன்னு விட்டுடலாம்னு மேனேஜர் சொன்னார். நான் முடியாதுன்னேன். மூணு மணிக்கு மேல நானே விட ஆரம்பிச்சுட்டேன். நாலரைக்கு இவளுக்கு ரத்தப் பரிசோதனை. தனியா போகச் சொன்னா பயப்படுவா. அதான் வேகமா போட்டேன்."

மேடம் அவள் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கட்சிக்காரரைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறைக் கதவு திறந்தது. தங்கைக்காரி டம்ளரைக் கலக்கிக்கொண்டே வந்தாள். ஒல்லியான பெண், கண் மட்டும் பெரிது, வாய் என்னை மாதிரி.

"துப்பறியறவங்களா? திருடன் ஆப்ட்டானா?"

அவள் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்தாள்.

"ஓஹோ. ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கு, சொல்ல மாட்டேங்கிறீங்க. சரி, போலீசுல குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க. அடிக்கல்லாம் மாட்டேன், அதுக்குத் தெம்பு ஏது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேப்ப?" என்றேன், சும்மா இருக்கத் தெரியாமல்.

"உங்ககிட்ட ஏன் சொல்லணும்? அந்த ஆளுகிட்டதான் கேப்பேன்."

அக்காக்காரி எழுந்தாள். மேடத்தின் கையை மெதுவாக விலக்கினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, தங்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"கேளு" என்றாள்.